பெட்டி இல்லாத ஸ்பீக்கர்கள்: வாங்கும் முன் அறையை அளந்து பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்கிற வேலைகளில் ஒன்று பாட்டுக் கேட்பது. இரண்டு சிறிய பிளாஸ்டிக் ஸ்பீக்கர்களை மானிட்டரின் இரு பக்கமும் வைத்து, பிடித்த பாட்டை ஓடவிடுவோம். குறைந்த ஒலியில் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஒலியைக் கொஞ்சம் கூட்டினால்? ஸ்பீக்கர் அதிர ஆரம்பிக்கும். மேஜையும் சேர்ந்து அதிரும். பாடுபவரின் குரல் ஏதோ டப்பாவுக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். உண்மையில் அது டப்பாவுக்குள் இருந்துதான் வருகிறது!

இதற்குத் தீர்வாக நாம் பெரும்பாலும் இன்னும் பெரிய பெட்டியைத்தான் வாங்குகிறோம். ஆனால் பெட்டியே இல்லாத ஸ்பீக்கர்களும் உலகில் உள்ளன. கதவு போல, ஜன்னல் திரை போல மெல்லிதாக நிற்கும் இந்த ஸ்பீக்கர்களில் ஒரு குரலைக் கேட்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. கம்ப்யூட்டரில் உள்ள பாடல்களையும் இவற்றில் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் இவற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பெட்டியை எடுத்துவிட்டால் அந்த வேலையை உங்கள் அறை ஏற்க வேண்டும். அறை ஒத்துழைக்காவிட்டால் எவ்வளவு பணம் போட்டாலும் பலன் இல்லை. எனவே இவை எப்படி வேலை செய்கின்றன, உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா, கம்ப்யூட்டருடன் எப்படி இணைப்பது என்பதை இங்கு வரிசையாகப் பார்க்கலாம்.

பெட்டி எதற்கு?

சாதாரண ஸ்பீக்கரில் ஒரு காந்தம், அதன் நடுவே ஒரு கம்பிச் சுருள், சுருளுடன் ஒட்டிய ஒரு கோன் ஆகியவை இருக்கும். பாட்டுக்கு ஏற்ப மின்சாரம் மாறும்போது சுருள் முன்னும் பின்னும் நகர்ந்து கோனைத் தள்ளுகிறது, காற்று அசைகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கிய அமைப்புதான் இது. இன்று உங்கள் மேஜையில் உள்ள ஸ்பீக்கரும் அடிப்படையில் அதே அமைப்புதான்.

கோன் முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இந்த இரண்டு அலைகளும் நேர் எதிரானவை. தடுப்பு ஒன்றும் இல்லாவிட்டால் பின் அலை சுற்றி வந்து முன் அலையை அழித்துவிடும். அதிக அதிர்வெண் கொண்ட கீச்சு ஒலிகளை இது அதிகம் பாதிக்காது. பாஸ் எனப்படும் கனத்த ஒலிகள்தான் காணாமல் போகும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ வீட்டில் இருந்தால், அதன் ஸ்பீக்கரை வயர் அறுந்துவிடாமல் வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டு பாட்டைக் கேளுங்கள். ஈ ரீங்காரம் போல மெலிதாக இருக்கும். இப்போது ஒரு பெரிய அட்டையின் நடுவில் ஸ்பீக்கர் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் மேல் ஸ்பீக்கரை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். குரலுக்கு உடனே உடம்பு வந்துவிடும்! முன் அலையும் பின் அலையும் சந்திக்காமல் அட்டை தடுத்ததுதான் காரணம். (கரண்டில் ஓடும் ரேடியோவில் இதைச் செய்ய வேண்டாம்.)

அட்டையைப் பின்னால் மடித்து மூடினால் அதுதான் பெட்டி. பின் அலை உள்ளேயே அடைபட்டுவிடும். ஆனால் அடைபட்ட அலை சும்மா இருப்பதில்லை. பெட்டியின் சுவர்களை அதிர வைக்கிறது. உள்ளே மோதித் திரும்பி, மெல்லிய கோன் வழியாக வெளியே கசிகிறது. பாட்டில் இல்லாத இந்தக் கூடுதல் ஒலியைத்தான் நாம் டப்பா சத்தம் என்கிறோம். நல்ல ஸ்பீக்கர் தயாரிப்பவர்கள் கனமான மரம், உள்ளே குறுக்குச் சட்டங்கள், பஞ்சு ஆகியவற்றைப் போட்டு இதைக் குறைக்கிறார்கள். மலிவான பிளாஸ்டிக் பெட்டியில் இதற்கெல்லாம் இடமில்லை.

எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் எப்படி இயங்குகிறது?

சீப்பை முடியில் தேய்த்துக் காகிதத் துண்டுகளுக்கு அருகில் கொண்டு போனால் அவை ஒட்டிக்கொள்வதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். அதுதான் நிலை மின்சாரம். எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் அதே விசையில் இயங்குகிறது.

இதில் கோன் கிடையாது; காந்தமும் கிடையாது. மிக மெல்லிய பிளாஸ்டிக் பிலிம் ஒன்று ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இதன் கனம் பொதுவாகச் சுமார் பத்து மைக்ரான்தான். நம் தலைமுடி இதைவிடப் பல மடங்கு தடிமன். பிலிமின் இரு பக்கமும் சிறு இடைவெளி விட்டுத் துளைகள் உள்ள தகடுகள் நிற்கும். பிலிமுக்குச் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் நிரந்தரமாகத் தரப்படுகிறது. ஆம்ப்ளிபயரில் இருந்து வரும் பாட்டின் சிக்னலை ஒரு டிரான்ஸ்பார்மர் பல மடங்கு உயர்த்தி இரு தகடுகளுக்கும் எதிரெதிராகத் தருகிறது. ஒரு தகடு பிலிமை இழுக்கும்போது மற்றது தள்ளுகிறது. பிலிம் அசைய, துளைகள் வழியே ஒலி வெளியே வருகிறது.

இதில் என்ன லாபம்? கோனை ஒரு சுருள் ஓர் இடத்தில் மட்டுமே தள்ளுகிறது. விளிம்பு கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் வளைந்து பின்தொடர்கிறது. பிலிமிலோ அதன் பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் விசை கிடைக்கிறது. எடையும் மிகக் குறைவு என்பதால் சிக்னல் நின்றவுடன் அசைவும் நின்றுவிடும். மிருதங்கத்தில் விரல் படும் அந்த முதல் நொடி, வயலின் வில் திரும்பும் இடம், பாடுபவர் மூச்செடுக்கும் ஒலி ஆகியவை தெளிவாகக் கேட்பது இதனால்தான்.

குவாட் தந்த வழி

இந்த யோசனை பழையது. மேலே சொன்ன கெல்லாக் 1934-லேயே எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால் அன்று அதற்கு ஏற்ற பிலிம் இல்லை. 1950களில் பாலியெஸ்டர் பிலிம் கிடைக்கத் தொடங்கிய பிறகே இது வீட்டுக்கு வந்தது.

இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் குவாட் ஆம்ப்ளிபயர்களைத் தயாரித்து வந்த பீட்டர் வாக்கர், 1955-ல் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் இந்த வகை ஸ்பீக்கர் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். 1957-ல் அவருடைய ஸ்பீக்கர் விற்பனைக்கு வந்தது. பார்ப்பதற்கு அறையைச் சூடாக்கும் ஹீட்டர் போல இருந்த இந்த மாடலை இன்று இஎஸ்எல்-57 என்று அழைக்கிறார்கள். 1985 வரை இது தயாரிப்பில் இருந்தது. ஓர் எலக்ட்ரானிக் சாதனம் ஏறத்தாழ மாற்றமே இல்லாமல் 28 ஆண்டுகள் விற்றது என்றால் அதன் தரத்தைப் புரிந்துகொள்ளலாம். இதனுடன் அப்போது இணைக்கப்பட்ட குவாட் 2 ஆம்ப்ளிபயரின் திறன் வெறும் 15 வாட்தான்!

அடுத்த மாடலான இஎஸ்எல்-63 பற்றிய வேலை 1963-ல் தொடங்கியது. விற்பனைக்கு வந்தது 1981-ல். இதில் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நடுவளையத்துக்கு முதலிலும், அடுத்தடுத்த வளையங்களுக்குச் சிறிது சிறிதாகத் தாமதித்தும் சிக்னல் சென்றது. குளத்தில் கல் போட்டால் அலை விரிவது போல ஒலி விரிந்தது. இதனால் பேனலுக்கு 30 செ.மீ. பின்னால் உள்ள ஒரு புள்ளியில் இருந்து ஒலி வருவது போலக் காதுக்குத் தோன்றும்.

அமெரிக்காவில் 1980களில் வந்த மார்ட்டின் லோகன் நிறுவனம் வேறு ஒரு வழியைக் கையாண்டது. தட்டையான பேனலை வில் போல வளைத்து ஒலியை அகலமாகப் பரப்பியது. பாஸ் ஒலிக்கு மட்டும் கீழே ஒரு பெட்டி ஊபர் வைத்தது. இவ்வாறு இரண்டும் சேர்ந்தவற்றை ஹைப்ரிட் என்கிறார்கள்.

மற்ற வகைகள்

எலக்ட்ரோஸ்டேடிக் மட்டுமே பெட்டி இல்லாத ஸ்பீக்கர் அல்ல. வேறு சில வகைகளும் உள்ளன.

1. பிளேனார் மேக்னடிக்: அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் வைனி 1969-ல் தொடங்கிய மேக்னெபான் நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது. இதிலும் பிலிம்தான். ஆனால் பிலிமின் மேல் மெல்லிய கம்பிகள் ஒட்டப்பட்டு, அருகில் காந்தப் பட்டைகள் வரிசையாக நிற்கும். கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் பிலிம் அசையும். ஆயிரக்கணக்கான வோல்ட் இதற்குத் தேவையில்லை. சுவர் பிளக்கில் செருகவும் வேண்டாம். 2019-ல் வந்த எல்ஆர்எஸ் என்ற மாடல் நான்கு அடி உயரம், சுமார் ஒன்றேகால் அடி அகலம், ஒரு அங்குலக் கனம் கொண்டது. அறிமுகமானபோது அமெரிக்காவில் ஒரு ஜோடியின் விலை 650 டாலர்.

2. ஓப்பன் பேஃபிள்: நாம் மேலே செய்த அட்டைச் சோதனையின் பெரிய வடிவம். சாதாரண கோன் ஸ்பீக்கரை ஒரு பலகையில் பொருத்திப் பின்பக்கத்தைத் திறந்தே விட்டுவிடுவது. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் இந்த முறையை ஆழமாக ஆராய்ந்தவர். ஓரியன், எல்எக்ஸ்521 ஆகியவை அவருடைய வடிவமைப்புகள். 2018-ல் அவர் மறைந்தார்.

3. அதிரும் பலகை: 1990களில் பிரிட்டனின் பாதுகாப்புத் துறை ஆய்விலிருந்து பிறந்தது என்எக்ஸ்டி என்ற நுட்பம். இதில் ஒரு விறைப்பான மெல்லிய பலகையைச் சிறிய கருவி ஒன்று அதிர வைக்கும். கம்ப்யூட்டருக்கான தட்டை ஸ்பீக்கர்கள் சில இந்த முறையில் வந்தன. 2017-ல் சோனி வெளியிட்ட ஏ1இ ஓஎல்இடி டிவியில் திரையே அதிர்ந்து ஒலி தரும். இது வசதியான நுட்பம்தான். ஆனால் பிலிம் ஸ்பீக்கரின் தெளிவை இதில் எதிர்பார்க்க வேண்டாம். கடையில் தட்டையாக இருப்பதை எல்லாம் எலக்ட்ரோஸ்டேடிக் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

என்ன கிடைக்கும்? என்ன கிடைக்காது?

குரல், வீணை, வயலின், புல்லாங்குழல், பியானோ ஆகியவை மிக இயல்பாக ஒலிக்கும். ஸ்பீக்கர் இருக்கும் இடமே தெரியாது. பாடுபவர் இரண்டு பேனல்களுக்கும் நடுவே, சற்றுப் பின்னால் நிற்பது போல இருக்கும். பக்கவாத்தியங்கள் தனித்தனி இடத்தில் கேட்கும்.

கிடைக்காதவையும் உண்டு. பிலிம் அசையக்கூடிய தூரம் மிகக் குறைவு. பின் அலையின் அழிப்பும் சேர்ந்துகொள்வதால் ஆழமான பாஸ் குறைவாகவே இருக்கும். பெரும்பாலான பேனல்கள் 45 அல்லது 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதில்லை. தியேட்டர் போல நெஞ்சில் இடிக்கும் குத்துப்பாட்டு உங்களுக்கு வேண்டும் என்றால் இது உங்களுக்கான ஸ்பீக்கர் அல்ல. கல்யாண மண்டபம் போல அலற வைக்கவும் முடியாது. அத்துடன் தட்டையான பேனல்களில் நடுவே உட்காரும் ஒருவருக்குத்தான் முழுப் பலன் கிடைக்கும். பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கீச்சு ஒலி குறைந்துவிடும்.

அறையை அளந்து பாருங்கள்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். பெட்டி ஸ்பீக்கர் உள்ளே அடைத்து வைத்த பின் அலையை இவை அறைக்குள் விட்டுவிடுகின்றன. அந்த அலை பின்சுவரில் மோதித் திரும்பி வந்து முன் அலையுடன் கலக்கும். எப்போது கலக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒலி ஒரு நொடியில் சுமார் 343 மீட்டர் செல்லும். பேனல் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருந்தால் பின் அலை போய் வர இரண்டு மில்லி செகண்டுக்கும் குறைவாகவே ஆகும். அவ்வளவு சீக்கிரம் வருவதைக் காது நேரடி ஒலியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறது. குரல் கலங்கிவிடும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் ஏறத்தாழ ஆறு மில்லி செகண்ட் ஆகும். அப்போது அது அறையின் விசாலமாகக் கேட்கும். பாடுபவர் சுவருக்கும் அப்பால் நிற்பது போன்ற தோற்றம் இதிலிருந்தே வருகிறது. சுவரில் மாட்டும் படம் போல மெல்லிதாக இருக்கிறதே என்று இவற்றைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கொடுத்த காசு வீண்தான்.

எனவே டேப் எடுத்து அளக்கவும். பேனலுக்குப் பின்னால் மூன்று முதல் மூன்றரை அடி. பேனலில் இருந்து நீங்கள் உட்காரும் நாற்காலி வரை ஏழு முதல் எட்டு அடி. உங்கள் தலைக்குப் பின்னால் குறைந்தது இரண்டு அடி. மொத்தம் 12 முதல் 14 அடி நீளம் வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் இது நடக்காது. ஹால் இருந்தால், நடமாட்டத்துக்குத் தடையாக ஸ்பீக்கர்கள் அறையின் நடுப்பகுதிக்கு வந்து நிற்பதை வீட்டில் உள்ளவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு, கேட்கும்போது மட்டும் முன்னால் நகர்த்துவதும் ஒரு வழி. தரையில் டேப் ஒட்டி இடத்தை அடையாளம் செய்து வைத்தால் போதும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இவ்வகை ஸ்பீக்கர்களில் முன் அலையும் பின் அலையும் பக்கவாட்டில் சந்தித்து அழிந்துவிடுவதால் பக்கச் சுவர்களை நோக்கி ஒலி குறைவாகவே செல்லும். ஆகவே அறை அகலம் குறைவாக இருந்தாலும் அவ்வளவு தொல்லை இல்லை. இரண்டு பேனல்களுக்கும் இடையே ஆறு முதல் எட்டு அடி விட்டு, இரண்டையும் உங்களை நோக்கிச் சற்றே திருப்பி வைக்கவும். பின்சுவரில் கண்ணாடி ஜன்னலோ வழவழப்பான சுவரோ இருப்பதைவிடப் புத்தக அலமாரி இருப்பது நல்லது. அது பின் அலையைச் சிதறடித்து விடும்.

கம்ப்யூட்டருடன் இணைப்பது எப்படி?

கம்ப்யூட்டரின் ஆடியோ ஜாக்கில் நேரடியாக இவற்றை இணைக்க முடியாது. இடையில் ஆம்ப்ளிபயர் கண்டிப்பாக வேண்டும். மேஜை ஸ்பீக்கருக்குள் இருக்கும் சிறிய ஆம்ப்ளிபயரும் போதாது. பேனல் ஸ்பீக்கர்களில் பல 4 ஓம் அளவில் உள்ளவை. எலக்ட்ரோஸ்டேடிக் வகையில் கீச்சு ஒலிகளின்போது இது இன்னும் கீழே இறங்கும். 4 ஓம் தாங்கும் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டுள்ள, 50 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்டீரியோ ஆம்ப்ளிபயரைத் தேர்ந்தெடுக்கவும். ஆனால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உச்ச வரம்பு உண்டு. இஎஸ்எல்-57 போன்ற பழைய மாடல்களுக்கு அதிகத் திறன் கொண்ட ஆம்ப்ளிபயரை இணைத்தால் பேனல் பழுதாகிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் பிஎம்பிஓ கணக்கைப் பார்க்க வேண்டாம். அது விளம்பரத்துக்கான எண். ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

கம்ப்யூட்டரின் பச்சை நிற லைன்-அவுட் ஜாக்கில் இருந்து, ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின்களும் கொண்ட கேபிள் மூலம் ஆம்ப்ளிபயருக்குச் செல்லலாம். கம்ப்யூட்டருக்குள் இருந்து இரைச்சல் வந்தால், யுஎஸ்பி போர்ட்டில் இணைக்கும் வெளி டிஏசி ஒன்றை வாங்கிப் பயன்படுத்தவும். லேப்டாப்பில் ‘ம்ம்ம்’ என்ற ஹம் ஒலி வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கவும். ஹம் நின்றுவிட்டால் எர்த் இணைப்பில்தான் பிரச்சினை. கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிபயரையும் ஒரே பிளக் போர்டில் இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். அதற்காக எர்த் பின்னை உடைப்பதோ கழற்றுவதோ கூடாது.

விண்டோஸ் 11-ல் சில அமைப்புகளையும் மாற்ற வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், அதில் சவுண்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அங்கு மோனோ ஆடியோ என்பது ஆஃப் நிலையில் உள்ளதா எனப் பார்க்கவும். இது ஆன் ஆக இருந்தால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும். ஸ்டீரியோவின் பலனே போய்விடும். அடுத்து, உங்கள் அவுட்புட் சாதனத்தின் மீது கிளிக் செய்திடவும். கிடைக்கும் பக்கத்தில் ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்ஸ் என்பதை ஆஃப் செய்திடவும். சிறிய ஸ்பீக்கர்களுக்காகப் பாஸைச் செயற்கையாகக் கூட்டும் வசதிகள் பேனலுக்குத் தேவையில்லை. பின்னர் சவுண்ட் பக்கத்தின் கீழே உள்ள மோர் சவுண்ட் செட்டிங்ஸ் என்பதில் கிளிக் செய்து, சவுண்ட்ஸ் டேபில் சவுண்ட் ஸ்கீமை நோ சவுண்ட்ஸ் என மாற்றவும். பாட்டின் நடுவே ‘டிங்’ என்று பெரிய சத்தம் வந்து உங்களையும் ஸ்பீக்கரையும் அதிர வைக்காது.

பாட்டு பைலும் முக்கியம். ஆடியோ சிடியில் உள்ள ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட் வேகத்தில் உள்ளது. அதை 128 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றும்போது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சுகிறது. மேஜை ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். பேனலில் ஜால்ரா ஒலி தேய்ந்திருப்பது பலருக்கும் தெரியும். உங்களிடம் சிடிக்கள் இருந்தால் அவற்றை எஃப்எல்ஏசி வடிவில் காப்பி செய்துகொள்ளவும். இதில் இடம் மிச்சமாகும். ஒலியில் எதுவும் இழப்பு இல்லை.

எல்லாம் இணைத்தபின் ஒரு பழக்கத்தைக் கடைப்பிடிக்கவும். ஆன் செய்யும்போது கம்ப்யூட்டர் முதலில், ஆம்ப்ளிபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிபயர் முதலில்.

பாதுகாப்பு

எலக்ட்ரோஸ்டேடிக் பேனலுக்குள் இருப்பது விளையாட்டு வோல்டேஜ் அல்ல. இஎஸ்எல்-57-ல் பாஸ் பகுதிக்கு 6,000 வோல்ட் செல்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் சிறிது நேரம் உள்ளே தங்கியிருக்கும். எனவே மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். குழந்தைகள் துளைகளுக்குள் ஊசி, கம்பி எதையும் நுழைக்காதபடி பார்த்துக்கொள்ளவும்.

ஈரமும் தூசும் இவற்றின் எதிரிகள். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஈரத்தில் மின்னூட்டம் கசிந்து ஒலி குறையும். ‘டிக் டிக்’ என்ற சத்தம் வரலாம். கேட்காத நேரத்தில் துணி போட்டு மூடி வைப்பது நல்லது. அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் வரவழைத்தால், 110-120 வோல்டுக்கான மாடலா என்று பார்த்த பிறகே நம் 230 வோல்ட் பிளக்கில் செருகவும். காந்த வகையான பிளேனார் மேக்னடிக் ஸ்பீக்கரில் இந்தக் கவலைகள் குறைவு. புதியவர்களுக்கு அதுவே ஏற்றது.

குறைந்த செலவில் ருசி பார்க்க

உடனே பெரும் பணம் செலவிட வேண்டும் என்பதில்லை. இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, ஓப்பன் பேஃபிள். எட்டு அங்குல புல்ரேஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு, 19 மி.மீ. பிளைவுட் பலகை இரண்டு போதும். பலகை இரண்டு அடி அகலம், மூன்று அடி உயரம் இருக்கட்டும். தச்சரிடம் சொல்லி, உட்காரும்போது காது இருக்கும் உயரத்துக்கு வரும்படியும் பலகையின் சரிநடுவில் இல்லாமல் சற்று ஒரு பக்கமாகவும் வட்ட ஓட்டை போடச் சொல்லவும். நடுவில் இருந்தால் எல்லா விளிம்புகளும் ஒரே தூரத்தில் அமைந்து, ஒரே இடத்தில் ஒலி கூடிக் குறையும். பின்னால் ஒரு கால் வைத்து நிறுத்தினால் வேலை முடிந்தது. இந்த அகலத்தில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி படிப்படியாகக் குறையும். ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச சாப்ட்வேர் மூலம் அந்தப் பகுதியை அளவாகக் கூட்டிக்கொள்ளலாம். கோன் அளவுக்கு மீறி ஆடுவது தெரிந்தால் உடனே குறைத்துவிடவும். மரத்தையும் ஸ்பீக்கரையும் பின்னர் வேறு எதற்கும் பயன்படுத்தலாம் என்பதால் நஷ்டம் அதிகம் இல்லை.

இரண்டாவது வழி, அறை இல்லாதவர்களுக்கானது: ஓப்பன் பேக் ஹெட்போன். காதுக்குப் பின்பக்கம் மூடாமல் வலை மட்டும் இருக்கும் வகை இது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-ல் எச்டி 414 என்ற மாடலில் இதை அறிமுகம் செய்தது. ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனமோ 1960-லேயே எலக்ட்ரோஸ்டேடிக் ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்டாக்ஸ் விலை அதிகம். தனி ஆம்ப்ளிபயரும் தேவை. சாதாரண ஓப்பன் பேக் ஹெட்போனை உங்கள் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கேட்கலாம். பெட்டிக்குள் அடைபடாத ஒலி எப்படி இருக்கும் என்பதன் ஒரு சாயலை இதில் உணரலாம். ஆனால் குரல் அறையில் எதிரே நிற்கும் அனுபவம் இதில் வராது.

முடிவாக

வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் மூன்று அடி காலி இடம் விட முடியுமா? நீங்கள் அதிகம் கேட்பது குரலும் வாத்தியமுமா, அல்லது குத்துப்பாட்டும் படங்களுமா? மானிட்டர் முன்னாலிருந்து எழுந்து வந்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாட்டை மட்டும் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா?

முதல் கேள்விக்கு இல்லை என்றால் பெட்டி ஸ்பீக்கரே போதும். அதையும் சுவர் மூலையிலிருந்து வெளியே இழுத்து, மேஜை அதிராதபடி அடியில் தடித்த ரப்பர் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள்; செலவில்லாமல் டப்பா சத்தத்தில் பாதி போய்விடும். மூன்று கேள்விக்கும் ஆம் என்றால் ஒரு ஜோடி பேனலை எங்காவது தேடிப் பிடித்து, உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு பாட்டை எடுத்துச் சென்று கேட்டு வாருங்கள். கேட்டுவிட்டு வந்த அன்றே வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்து அறையை இன்னொரு முறை அளந்த பிறகு முடிவு செய்யுங்கள்.